ஒரு வாய்தானே மச்சி!

நைட் பதினோரு மணி. மறுநாள் இன்டர்னல். புக்கைத் திறந்தா தூக்கம் வருது, மூடினா பசி வருது. இந்த நேரத்துல ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் என்ன பண்ணுவான்? கரெக்ட் பாஸ்... ஹாஸ்டல் கேட்டுக்கு எதிர்ல இருக்கிற பரோட்டா கடைக்கு நடையைக் கட்டுவான்!

நாங்களும் கட்டினோம். மொத்தம் நாலு பேர். மூணு பேர் பரோட்டாவைப் பிச்சுப் போட்டு, சால்னாவை ஊத்தி வெளுத்து வாங்கிட்டு இருக்கோம். நாலாவது ஆள், என் ரூம்மேட். ரெண்டு வாழைப்பழத்தைக் கையில வெச்சுக்கிட்டு, பரோட்டா கல்லையே பார்த்துட்டு இருந்தான். “எனக்கு வேணாம்ல. கோதுமை, மைதா எதுவும் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்றான். நாங்க விட்டாத்தானே? “பரோட்டா சாப்பிடாதவனுக்கு இந்த காலேஜ்ல டிகிரியே கிடையாதுடா” என்று ஒருத்தன் ஆரம்பித்தான். ஆளாளுக்குக் கலாய்த்தோம். கடைசியில் நான் ஒரு துண்டைப் பிச்சு, சால்னாவுல நல்லா முக்கி, அவன் வாய்க்கு நேரா நீட்டினேன்.

“ஒரு வாய்தானே மச்சி. ஒரு வாய்ல என்ன ஆயிடப் போகுது?”

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். நாங்க கை தட்டினோம்.

மறுநாள் அவன் இன்டர்னல் எழுத வரலை. விடியற்காலை மூணு மணிக்கு ஆரம்பிச்ச வாந்தியும் பேதியும், அவனைப் பெட்டுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல மூணு நாள் ஷட்டில் அடிக்க வெச்சது. நாலாவது நாள் எழுந்து உட்கார்ந்தவனைப் பார்த்தா, கன்னம் ஒட்டிப்போய், பத்து வயசு கூடின மாதிரி இருந்தான். அன்னைக்கு அந்த ஒரு வாயை ஊட்டின கைதான் இப்போ இந்தக் கட்டுரையை எழுதிட்டு இருக்கு.

பேரைப் போடட்டுமா என்று அவனிடம் கேட்டேன். “வேணாம்ல, மெஸ்ல ஏற்கெனவே போதுமான அளவுக்கு ஃபேமஸ் ஆயிட்டேன்” என்று சொல்லிவிட்டான். ஸோ, இனிமே அவன் பேரு ‘நம்மாளு’. சொந்த ஊர் திருநெல்வேலி. அல்வாவுக்குப் பேர் போன ஊர்ல பிறந்துட்டு அல்வாவே சாப்பிட முடியாத ஒரே ஆள்னு அவனே தன்னைக் கிண்டல் பண்ணிக்குவான். கோதுமைப் பால்லதானே பாஸ் அல்வாவே கிண்டுறாங்க!

அது என்ன சீலியாக்?

நம்மாளுக்கு இருக்கிற பிரச்னையோட பேரு சீலியாக். வயிறு என்று பொருள்படும் பழைய கிரேக்க வார்த்தையிலிருந்து வந்த பேரு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் க்ளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கு. சப்பாத்தி மாவு ரப்பர் மாதிரி இழுபடுதே, பரோட்டா மாஸ்டர் மாவைத் துணி மாதிரி வீசி விசிறுறாரே, அந்த மேஜிக் எல்லாம் க்ளூட்டன் செய்யும் வேலைதான். நமக்கு அது சும்மா ஒரு புரதம். சீலியாக் இருக்கிறவங்க உடம்புக்கோ அது எதிரி நாட்டு ராணுவம்.

ஸ்கூல் பயாலஜியில் சிறுகுடல் படம் போட்டு, ‘குடலுறிஞ்சிகள்’னு பாகம் குறிச்சு மார்க் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? டவல்ல பொடிப் பொடியா நூல் நீட்டிட்டு இருக்குமே, அந்த மாதிரி குடலோட உள்பக்கம் முழுக்க இருக்கும். சாப்பாட்டுல இருக்கிற சத்தை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புறது இதுங்கதான். சீலியாக் உள்ளவங்க க்ளூட்டனைச் சாப்பிட்டா, உடம்போட எதிர்ப்பு சக்தி குழம்பிப்போய்த் தன் சொந்தக் குடலையே தாக்க ஆரம்பிச்சிடும். குடலுறிஞ்சிகள் தேய்ந்து தேய்ந்து, டவல் மாதிரி இருந்த குடல் வழுவழுன்னு தரை மாதிரி ஆயிடும். அப்புறம் என்னதான் சாப்பிட்டாலும் சத்து உடம்புல ஒட்டாது. இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின்கள் எல்லாத்துக்கும் டாட்டாதான்.

இது அலர்ஜி இல்லை. தும்மல், அரிப்பு வந்துட்டு ஒரு மாத்திரையில போயிடுற சமாச்சாரமும் இல்லை. இன்னொரு விஷயம்... நம்மாளு மாதிரி எல்லாருக்கும் உடனே வயிறு கலங்காது. சிலருக்கு வெளியே ஒண்ணுமே தெரியாது, ஆனா உள்ளே சேதம் நடந்துட்டே இருக்கும். ரத்தசோகை, ஓயாத களைப்பு, அடிக்கடி வாய்ப்புண், வயிறு உப்புசம், வயசுக்கேத்த உயரம் வளராம நின்னு போறது, எலும்பு பலவீனம்னு ஆளுக்கு ஒரு வேஷத்துல வரும். இதனால்தான் கண்டுபிடிக்கிறதும் லேட் ஆகுது.

சத்து கொடுத்துச் சாய்த்தோம்!

நம்மாளு ப்ளஸ் ஒன் படிக்கும்போதே ஆள் ஒல்லிப்பிச்சான். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். ரத்தம் டெஸ்ட் பண்ணினா ஹீமோகுளோபின் ஏழு. பூச்சி மாத்திரை கொடுத்தாங்க, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க. ஒருத்தர் குடல் புண்ணுன்னார், ஒருத்தர் படிப்பு டென்ஷன்னார். ஆச்சி, கண்ணு பட்டுப் போச்சுன்னு மிளகாய் சுத்திப் போட்டாங்க. நாலு வருஷம் இப்படியே ஓடிச்சு.

இதுல உச்சகட்ட கொடுமை என்ன தெரியுமா? பையன் மெலிஞ்சு போறானேன்னு அவங்க அம்மா சத்து சத்தா செஞ்சு கொடுத்தாங்க. காலையில மால்ட் கலந்த சத்து பானம். சாயந்திரம் கோதுமைக் கஞ்சி. நைட்டு, ‘அரிசி வேணாம், அதுல என்ன இருக்கு’ன்னு மூணு சப்பாத்தி. நம்ம ஊர்ல சப்பாத்திக்குத்தான் தனி மரியாதை ஆச்சே! காய்ச்சலா, சப்பாத்தி. சுகரா, சப்பாத்தி. வெயிட் குறையணுமா, சப்பாத்தி. வெயிட் ஏறணுமா, அதுக்கும் சப்பாத்தி! அம்மா எவ்வளவுக்கு எவ்வளவு பாசமா ஊட்டினாங்களோ, அவ்வளவுக்கு அவ்வளவு பையன் இளைச்சான்.

செகண்ட் இயர் லீவுல பார்த்த ஒரு டாக்டர்தான் ஒரு கேள்வி கேட்டார். “இத்தனை மாசம் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறலைன்னா, சத்து உள்ளே போகவே இல்லைன்னு அர்த்தம். ஏன் போகலை?” டி.டி.ஜி. என்று ஒரு ஆன்டிபாடியைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அது எகிறியிருந்தது. அடுத்து எண்டோஸ்கோப்பி. சிறுகுடலிலிருந்து துளியூண்டு சதை எடுத்து பயாப்ஸி. முடிவு கைக்கு வந்தது.

“முதல்ல சந்தோஷமாத்தான்ல இருந்துச்சு. இத்தனை வருஷமா சும்மா சோம்பேறின்னு ஏச்சு வாங்கினவனுக்கு, இது சோம்பேறித்தனம் இல்ல, இதுக்கு ஒரு பேரு இருக்குன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்?” என்கிறான் நம்மாளு. டாக்டர் அடுத்ததா சொன்ன விஷயத்தைக் கேட்டதும் அம்மாதான் அழுதிருக்காங்க. இன்னைக்கு வரைக்கும் சீலியாக்கைக் குணமாக்குற மருந்து கிடையாது. வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான். க்ளூட்டனை வாழ்நாள் முழுக்க விட்டுடணும். விட்டுட்டா குடல் மெல்ல மெல்லத் தேறிடும். சிலருக்கு மாசக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு. அம்மா அழுதது மருந்து இல்லைங்கிறதுக்காக இல்லையாம். “நாலு வருஷமா என் கையாலயே...”ன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்களாம்.

பஞ்சம் சொல்லிய ரகசியம்

அம்மா மேல தப்பே இல்லை. கோதுமைதான் வில்லன்னு மருத்துவ உலகத்துக்கே ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சது. 1888-லேயே லண்டன் டாக்டர் சாமுவேல் கீ இந்த நோயை விவரமா எழுதிட்டார், சாப்பாட்டுலதான் இதுக்கு வழி இருக்கணும்னும் ஊகிச்சார். ஆனா எந்தச் சாப்பாடுன்னு பிடிபடலை. 1920-களில் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற டாக்டர், குழந்தைகளுக்கு வாழைப்பழமாக் கொடுத்து உடம்பைத் தேத்தினார். வாழைப்பழத்துல ஏதோ மகிமை இருக்குன்னு நினைச்சாங்க. உண்மையில் மகிமை வாழைப்பழத்துல இல்லை, அந்தப் பிள்ளைங்க ரொட்டி சாப்பிடாததுலதான்!

முடிச்சை அவிழ்த்தவர் நெதர்லாந்து குழந்தை டாக்டர் வில்லெம் டிக்கே. ஹேக் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். கோதுமை மேல அவருக்கு 1930-களிலேயே சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம், 1944-45 குளிர்காலத்தில் அங்கே கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காம ஜனங்க ட்யூலிப் பூச்செடியோட கிழங்கை எல்லாம் தின்னு உயிரைப் பிடிச்சு வெச்சிருந்தாங்க. ஊரே பட்டினியில் வாடினபோது, சீலியாக் குழந்தைங்க மட்டும் தேறினாங்க. போர் முடிஞ்சு ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தாங்க. டிக்கேவோட சந்தேகம் உறுதியாச்சு. 1950-ல் அதை ஆராய்ச்சிப் பட்டத்துக்கான ஆய்வேடாகவே எழுதினார். எல்லாருக்கும் பஞ்சம் கொண்டுவந்த ஒரு குளிர்காலம், சில பிள்ளைங்களுக்கு மட்டும் வைத்தியமா இருந்திருக்கு. படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு பாஸ்.

ஒரு வாய் = எத்தனை மில்லிகிராம்?

நம்மாளு படுத்துக் கிடந்த மூணாவது நாள், குற்ற உணர்ச்சி தாங்காம கால்குலேட்டரை எடுத்தேன். இன்ஜினீயரிங் படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டுமே!

ஒரு பரோட்டாவுக்கு ரஃப்பா 50 கிராம் மைதா. மைதாவுல சுமார் பத்து சதவீதம் புரதம். அதாவது 5 கிராம். அதுல முக்கால்வாசிக்கு மேல க்ளூட்டன். 4 கிராம்னே வெச்சுக்குவோம். மில்லிகிராம்ல சொன்னா 4,000. ஒரு பரோட்டாவைப் பதினாறு வாயாப் பிச்சா, ஒரு வாய்க்கு 250 மில்லிகிராம்.

இது நிறையவா, கம்மியா? 2007-ல் வெளியான இத்தாலிய டாக்டர்களின் ஆய்வு ஒண்ணு இருக்கு. சீலியாக் உள்ளவங்க சிலருக்கு தினமும் வெறும் 50 மில்லிகிராம் க்ளூட்டனை மூணு மாசம் கொடுத்துப் பார்த்தாங்க. குடல்ல சேதம் தெரிஞ்சது. நான் ஊட்டினது ஒரே வாய்ல அதைப்போல அஞ்சு மடங்கு! ‘க்ளூட்டன் ஃப்ரீ’ன்னு பாக்கெட்ல போடணும்னா, ஒரு கிலோ உணவுல 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக் கூடாதுங்கிறதுதான் உலக அளவுலயும் நம்ம நாட்டுலயும் விதி. லேப்ல பி.பி.எம். கணக்குப் போட்டு போரடிச்சவங்க எல்லாம் கை தூக்குங்க... 20 பி.பி.எம். எவ்வளவு துளியூண்டுன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

‘ஒரு வாய்ல என்ன ஆயிடப் போகுது’ங்கிற கேள்விக்கு எனக்கு விடை கிடைச்சிடுச்சு. ஆனா விடை கிடைச்சது அவன் படுத்த பிறகு.

அரிசி ஊர்ல என்ன கஷ்டம்?

“நாமதான் சோறு சாப்பிடுறவங்க ஆச்சே. கோதுமை இல்லாட்டா குடியா முழுகிடும்?”னு நீங்க கேட்பீங்க. நானும் அப்படித்தான் கேட்டேன். பல்பு வாங்கினேன்.

முதல் பல்பு, ரவை. ரவை என்ன செடியில காய்க்குதான்னு யோசிச்சதுண்டா? அது கோதுமைதான் சாமி! உப்புமா, கேசரி, ரவா தோசை, ரவா இட்லி எல்லாம் அவுட். சேமியாவும் அவுட். வடை மொறுமொறுன்னு வர கொஞ்சம் ரவை சேர்ப்பாங்க, ஸோ அதுவும் டவுட். கேன்டீன் சமோசா, பப்ஸ், கோபி மஞ்சூரியன், நூடுல்ஸ்... லிஸ்ட் போட்டா நம்ம கேன்டீனுக்கே பூட்டுப் போடலாம். சோயா சாஸ்ல கூட கோதுமை உண்டு. கார்ன்ஃப்ளேக்ஸ்ல சோளம்தானேன்னு பார்த்தா, பலதுல ருசிக்கு பார்லி மால்ட் இருக்கு.

ரெண்டாவது பல்புதான் மெகா பல்பு. பெருங்காயம்! கடையில வாங்குற பெருங்காயம் சுத்தமான பெருங்காயம் இல்லை. அசல் பெருங்காயம் ரொம்பக் காட்டமான பிசின். அதை அப்படியே போட முடியாதுன்னு மாவும் கோந்தும் கலந்துதான் விக்கிறாங்க. பல கம்பெனி டப்பாவுல அந்த மாவு கோதுமை அல்லது மைதா. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிச்சுப் பாருங்க, ஷாக் ஆயிடுவீங்க. இப்போ யோசிங்க... சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம், முறுக்கு, இட்லிப் பொடி. நம்ம ஊர்ல பெருங்காயம் போடாம எதைத்தான் செய்யறாங்க?

மூணாவது பல்பு, மெஸ். சப்பாத்தி சுட்ட கல்லுலேயே தோசை. பூரி பொரிச்ச எண்ணெயிலேயே அப்பளம். குருமா கெட்டியாக ஒரு கை மைதா. சப்பாத்தி மாவு பிசைஞ்ச கையாலேயே இட்லித் தட்டைத் தூக்குறது. தோசையில கோதுமை இல்லை, ஆனா தோசைக்கல்லுல இருக்கு.

இதுல ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கு. 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, வடக்கு, வடகிழக்கு, தெற்குன்னு இந்தியாவின் மூணு பக்கத்திலும் 23,000-க்கு மேற்பட்டவங்களைப் பரிசோதிச்சது. வடக்கே சீலியாக் ஆயிரத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்கு இருந்தது. தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருத்தர்தான். ஆனா சீலியாக் வரக் காரணமான மரபணு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மூணுல ஒருத்தருக்கு இருந்தது. அந்த மரபணு இருக்கிற எல்லாருக்கும் நோய் வந்துடாது, பயப்படாதீங்க. வித்தியாசம் எதுல? தட்டுல! வடக்கே ஒரு நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கே வெறும் 25 கிராம். உடம்பு ஒண்ணுதான், சோறுதான் வேற. இப்போ நம்ம தட்டைக் கொஞ்சம் பாருங்க. காலையில பிரெட், மதியம் நூடுல்ஸ், நைட் பரோட்டா. 25 கிராம்லயா நிக்கிறோம்?

மாலை போட்டா மரியாதை!

ஹாஸ்டலுக்குத் திரும்பின புதுசுல, நம்மாளு மெஸ் மாஸ்டர் அண்ணன்கிட்ட போய் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவருக்கு சீலியாக்கும் புரியலை, க்ளூட்டனும் புரியலை. “ஏனுங் தம்பி, ஏதாச்சும் விரதமுங்களா? மாலை போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நாங்க ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். பிறகு யோசிச்சுப் பார்த்தா, அண்ணன் கேட்டதுலதான் விஷயமே இருக்கு.

கார்த்திகை மாசம் நம்ம க்ளாஸ்லயே நாலஞ்சு பேர் சபரிமலைக்கு மாலை போடுறாங்க. அவங்க முன்னாடி யாராவது ஆம்லெட்டை நீட்டி, ‘ஒரு வாய்தானே சாமி’ன்னு சொல்லுவோமா? நாக்கைக் கடிச்சுக்க மாட்டோம்? நோன்பு இருக்கிற ஃப்ரெண்டு பக்கத்துல உட்கார்ந்து டீ குடிக்கக்கூட நமக்குக் கூச்சமா இருக்கும். அம்மை போட்ட வீட்டுல தாளிக்கக்கூட மாட்டாங்க. பிள்ளை பெத்த வீட்டுல பத்திய சாப்பாட்டை யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. ‘வேண்டாம்’னு ஒருத்தர் சொன்னா அதை மதிக்கிறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. ஆனா அதே ‘வேண்டாம்’ உடம்புக்காகன்னு சொன்னா மட்டும், ‘சும்மா சீன் போடாதடா’ங்கிறோம். நாப்பத்தெட்டு நாள் விரதத்துக்கு இருக்கிற மரியாதை, ஆயுசு முழுக்க இருக்கிற விரதத்துக்கு இல்லையா?

சரி, அவனாவது கறாரா மறுத்திருக்கலாமே? இதை அவன்கிட்டயே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான்.

“கல்யாணத்துக்குப் போனா கேக்குறாங்க, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா கேக்குறாங்க. ஒவ்வொரு தடவையும் குடல்ல இருந்து கதை சொல்லணும்ல. அன்னைக்கு நீங்க மூணு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டீங்க. நான் மட்டும் வாழைப்பழத்தை வெச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருந்தேன். இதையும் வேணாம்னு சொன்னா அடுத்த தடவை என்னைக் கூப்பிட மாட்டீங்களோன்னு தோணுச்சு. அதான் முழுங்கிட்டேன்.”

இதுக்கு நான் என்ன பதில் சொல்ல? கோதுமையை விடுறது அவனுக்குப் பெரிய விஷயமே இல்லை பாஸ். எங்களை விட்டுடுவோமோன்னுதான் பயந்திருக்கான்.

இப்போ என்ன ஸீன்?

மாஸ்டர் அண்ணனுக்கு நாங்க புதுசா விளக்கம் சொன்னோம். “அண்ணே, இது வயித்துக்குப் போட்ட மாலை. கழட்டவே முடியாது.” அவ்ளோதான், டக்னு பிடிச்சுக்கிட்டார்! நம்மாளுக்குன்னு தனியா ஒரு தோசைக்கல், தனிக் கரண்டி. சிவப்புப் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு மேல் ஷெல்ஃப்ல வெச்சிருக்கார், வேற யாரும் தொட்டா கரண்டியாலேயே அடி விழும். தாளிக்கிறதுக்கு முன்னாடியே வேகவெச்ச பருப்பை ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிடுவார். வாரத்துல ரெண்டு நாள் கோயம்புத்தூர் ஸ்பெஷல் அரிசிம்பருப்பு சாதம். அதுக்குப் பெருங்காயமே வேணாமாம். பூண்டும் சீரகமும் போட்டு, மேல நெய்யை விட்டா... அதைத் திருடிச் சாப்பிட எங்களுக்குள்ள அடிதடியே நடக்குது!

அவங்க அம்மா வீட்டுல பெருங்காய டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு, சீரகம், மிளகு, பூண்டு வெச்சே சமாளிக்கிறாங்க. அல்வா போனா என்ன, திருநெல்வேலி சொதி இருக்கு, இடியாப்பம் இருக்கு, உளுந்தஞ்சோறு இருக்கு. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதுலயும் க்ளூட்டன் கிடையாது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டா அறிவிச்சப்போ நாம எல்லாம் கம்பங்கூழோட ஸ்டேட்டஸ் போட்டதோட சரி. நம்மாளுக்கு அது டெய்லி மெனு.

ஐ.வி. போனப்போ பையில அவல், வேர்க்கடலை, அம்மா சுட்டுக் கொடுத்த பெருங்காயம் இல்லாத முறுக்கு, பழம் எல்லாம் தனிப் பொட்டலம். ஹோட்டல்ல அவனுக்காக நான் எழுந்து போய், “சாம்பார்ல என்ன பெருங்காயம் போடுறீங்க?”ன்னு கேட்டேன். சூப்பர்வைசர் என்னை ஃபுட் இன்ஸ்பெக்டர்னு நினைச்சு ஒரு தடவை சல்யூட் அடிக்காத குறை! கடைசியில இட்லியும் தேங்காய்ச் சட்னியும், தாளிக்காம, தனித் தட்டுல வந்துச்சு. கேட்டாக் கிடைக்குது பாஸ். கேட்கிறதுக்குத்தான் கூட ஒருத்தர் வேணும். அவனே கேட்டா கூச்சம். நான் கேட்டா எனக்கு என்ன கூச்சம்?

நம்மாளோட ஹீமோகுளோபின் இப்போ பன்னிரண்டரை. மூணு மாடி ஹாஸ்டல் படியை மூச்சு வாங்காம ஏறி, என் கட்டில்ல இருக்கிற என் போர்வையையும் பிடுங்குற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு.

உங்களுக்காக அஞ்சு பாயின்ட்!

* வயித்துத் தொல்லை, தீராத ரத்தசோகைன்னு சந்தேகம் இருந்தா, நீங்களா கோதுமையை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகாதீங்க. நிறுத்திட்டா டெஸ்ட்ல ஆன்டிபாடி குறைஞ்சு, குடலும் தேறி, ரிசல்ட் தப்பா வரலாம். முதல்ல டெஸ்ட், அப்புறம் டயட்.

* வீட்டுல ஒருத்தருக்கு சீலியாக் இருந்தா, அப்பா, அம்மா, அண்ணன், தங்கைக்கும் இருக்க வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். அவங்களும் ஒரு ரத்த டெஸ்ட் பண்ணிக்கிறது நல்லது.

* பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. கோதுமை, மைதா, ரவை, பார்லி, மால்ட்... எது இருந்தாலும் நோ. 2020-ல் வந்த உணவு லேபிள் விதிப்படி, க்ளூட்டன் உள்ள தானியம் கலந்திருந்தா அதை லேபிள்ல சொல்லியாகணும். ஓட்ஸ் கோதுமையோட கலந்து வர வாய்ப்பு அதிகம், டாக்டரைக் கேட்காம தொடாதீங்க.

* சில தமிழாக்கங்கள்ல ‘ரை’ தானியத்தைக் கம்புன்னு போட்டுடறாங்க. அதைப் படிச்சுட்டு நம்ம ஊர் கம்பை ஒதுக்கிடாதீங்க. ரை வேற, கம்பு வேற. நம்ம கம்பு சமத்து!

* சீலியாக் இல்லாதவங்க ஸ்டைலுக்காகக் கோதுமையை விட வேண்டியதே இல்லை. உங்க பங்கு பரோட்டாவை நீங்க தாராளமா கட்டுங்க.

கடைசியா ஒரு ஸீன் சொல்லிட்டு ஜூட். போன மாசம் நம்மாளு பர்த்டே. ஹாஸ்டல் பர்த்டேன்னா தெரியும்ல? நடுராத்திரி பன்னெண்டு மணிக்குக் கதவை உடைக்காத குறையா உள்ளே போய், கேக்கை மூஞ்சி பூரா அப்பி, வாய்க்குள்ள திணிச்சு... யோசிச்சுப் பாருங்க, கேக்கும் மைதாதான். போன வருஷம் அவன் பர்த்டேவுக்கு ஊருக்கு ஓடினதோட காரணம் இப்பத்தான் எங்களுக்குப் புரியுது.

இந்த வருஷம் அவன் ஓடலை. பன்னெண்டு மணிக்கு மாஸ்டர் அண்ணனே தூக்கக் கலக்கத்தோட மேல வந்தார். கையில தட்டு. தட்டுல ஒரு கிண்ணம் சைஸுக்கு பெரிய இட்லி. நடுவுல ஒரு மெழுகுவத்தி. நம்மாளு ஊதி அணைச்சான். இட்லியை வெட்டினான். முதல் துண்டை எடுத்து என் வாய்க்கு நேரா நீட்டினான்.

“ஒரு வாய்தான்ல. ஒண்ணும் ஆவாது.”

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் முழுங்குறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.